மாறுபாட்டுக்கான காரணம்

கணக்கீட்டுப் பிழையாம்! எழுதியிருக்கிறானே, கை கூசாமல் எழுதியிருக்கிறானே என்று ரஞ்சிதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மணி மூன்றே கால். வெளியே கார்த்திகை மழை பிடித்துக்கொண்டிருந்தது, உள்ளே மின்விசிறி சுற்றியது, மேஜைமேல் ஒப்பீட்டு அட்டவணை கிடந்தது. போன நிதியாண்டில் இவ்வளவு வருவாய் வரும் என்று அரசாங்கம் சபையில் சொன்னது ஒரு பத்தி, நிஜமாக வந்து சேர்ந்தது அடுத்த பத்தி, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் மூன்றாவது, கடைசிப் பத்தி ‘மாறுபாட்டுக்கான காரணம்’. வாகன வரி, ஆயத்தீர்வை, சுரங்கக் கட்டணம் எல்லாவற்றுக்கும் காரணம் எழுதியாகிவிட்டது. பத்திரப் பதிவுக்கு எதிரே மட்டும் கட்டம் காலியாக இருந்தது. வரும் என்று சொன்னது ஒன்பதாயிரத்து அறுநூறு கோடி. வந்தது ஏழாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. இரண்டாயிரத்து நூற்று எண்பத்தெட்டு கோடி குறைவு. சார்புச் செயலர் மதனகோபால் காலையிலேயே ஒரு சீட்டைத் தட்டச்சு செய்து அட்டவணையில் செருகி அனுப்பியிருந்தார். ‘மதிப்பீட்டைத் தயாரித்த அப்போதைய பிரிவு அலுவலரின் கணக்கீட்டுப் பிழையால் வருவாய் மிகையாக உத்தேசிக்கப்பட்டது.’ இதை அப்படியே கட்டத்தில் ஏற்றி, கீழே பிரிவு அலுவலர் என்று ரஞ்சிதம் கையெழுத்துப் போட்டு, நாலு மணிக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அப்போதைய பிரிவு அலுவலர் என்றால் தணிகாசலம். மனுஷன் பெயரைக்கூடப் போடவில்லை. பெயரைப் போட்டால் முகம் ஞாபகம் வந்துவிடும் அல்லவா? அந்தத் தணிகாசலம் இன்றைக்கு ஓய்வு பெறுகிறார். நாலரை மணிக்குக் கீழே கூட்ட அரங்கில் பணி நிறைவு விழா, தலைக்கு இருநூறு ரூபாய் வசூலித்து அரைப் பவுனில் மோதிரம் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷம் இந்தக் கட்டடத்தில் குப்பை கொட்டியவள். அட்டவணை மேலே போன பத்தாவது நிமிஷம் தணிகாசலத்துக்குப் பதினேழு-பி என்று ஒரு மெமோ தயாராகும். குற்றச்சாட்டு மெமோ. ஆபீஸ் முடிகிற ஐந்தே முக்காலுக்குள் அதை அவர் கையில் கொடுத்துவிட்டால் அவர் ஓய்வு பெற்றவர் இல்லை, விசாரணையில் இருப்பவர். ஓய்வூதியம், பணிக்கொடை, விடுப்புச் சம்பளம் எல்லாம் அப்படியே நின்றுவிடும். அதற்கென்றே கடைசி நாள் வரைக்கும் காத்திருப்பார்கள், பாவிகள். மூன்றாவது மாடி அந்தோணிசாமிக்கு மாலை கழுத்தில் இருக்கும்போது கொடுத்தார்கள். அவர் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தார். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அப்புறம் ஒன்பது வருஷம் பையைத் தூக்கிக்கொண்டு இந்த வராந்தாவிலேயே நடந்தார், பத்தாவது வருஷம் வரவில்லை. தணிகாசலத்துக்கு அப்படி நடப்பதற்கும் வழியில்லை. அவர் பையன் குமரவேலுக்கு இருபத்தேழு வயது, பேச்சு கிடையாது, சட்டைப் பொத்தானை அப்பா போட்டுவிட வேண்டும். அவனுக்காக ஊருக்கு வெளியே ஓர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறார். பதினாலு லட்சம் முன்பணம். பணிக்கொடை வந்ததும் கட்டிவிடுகிறேன் என்று கெஞ்சி இடம் பிடித்திருக்கிறார், அடுத்த மாசம் இருபதாம் தேதி வரைக்கும்தான் வைத்திருப்பார்களாம். “நானும் அவளும் இருக்கிற வரைக்கும் பரவாயில்லம்மா. அதுக்கப்புறம் அவனுக்குச் சோறு ஊட்ட ஒரு கை வேணுமே” என்று போன வாரம் கேன்டீனில் சொன்னார். சொல்லிவிட்டு உடனே வடை நன்றாக இருக்கிறது என்றார். அவருக்கு எதையும் முழுசாகச் சொல்ல வராது, பாதி சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக்கொள்வார்.

பிழையாம், பிழை. முந்தின வருஷம் தை மாசம். பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள், பிரிவில் பாதிப் பேர் வரவில்லை. தணிகாசலம் இதே நாற்காலியில்தான் இருந்தார், அவள் எதிர் மேஜையில் உதவிப் பிரிவு அலுவலர். பத்து வருஷப் பதிவுக் கணக்கை அவர் பரப்பி வைத்திருந்தார். எந்த மாவட்டத்தில் எத்தனை பத்திரம், எந்த மாசம் மனை விற்கும், ஆடியில் எவ்வளவு படுத்துக்கொள்ளும், வழிகாட்டி மதிப்பைக் கூட்டினால் முதல் ஆறு மாசம் ஜனங்கள் எப்படிப் பதுங்குவார்கள் எல்லாம் அவருக்கு விரல் நுனியில். நாலு நாள் உட்கார்ந்து போட்டார். போட்டு முடித்து, “ஏழாயிரத்து நானூறும்மா, இதுக்கு மேல ஒரு ரூபாய் வராது” என்று தாளை அவள் பக்கம் தள்ளினார். அப்புறம்தான் போன் வந்தது. மதனகோபால். இந்தப் பக்கம் பேசியது மட்டும்தான் அவளுக்குக் கேட்டது, அதுவே போதும். “ஒன்பதாயிரத்து அறுநூறா சார்? … இல்ல சார், அவ்வளவு எப்படி … சரி சார் … பற்றாக்குறை கூடுதலாத் தெரியும்கிறது புரியுது சார், ஆனா வராத பணத்தை வரும்னு … சரி சார். சரிங்க சார்.” போனை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். செலவு ஏற்கெனவே முடிவாகிவிட்டது, அறிவிப்பு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது, கடனும் ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது. அப்படியானால் எது மாற வேண்டும்? வருமானம் மாற வேண்டும். எந்த வீட்டிலாவது நடக்குமா இது? மளிகைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்குத் தோதாக இந்த மாசம் எனக்குச் சம்பளம் இவ்வளவு என்று எவனாவது எழுதுவானா? எழுதினால் பெண்டாட்டி என்ன கேட்பாள்? இங்கே எழுதினால் சபையில் மேஜையைத் தட்டுகிறார்கள்.

கோப்பெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய் வருஷக்கணக்கில் ஆகிவிட்டது. ஆனாலும் எண்கள் மட்டும் தாளில்தான் ஏறி இறங்கும், அதுவும் பென்சிலில். கம்ப்யூட்டரில் தட்டியது போகாது, யார் எந்த மணிக்கு மாற்றினார்கள் என்று சாட்சி சொல்லும். பென்சில் அப்படி இல்லை. கீழே இருப்பவர் பென்சிலில் ஓர் எண் போடுவார், மேலே இருப்பவர் பக்கத்தில் பென்சிலில் ‘பேசவும்’ என்று எழுதுவார், பேசுவார்கள், எண் மாறும், அப்புறம் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கடைசி எண்ணைப் பேனாவில் எழுதி மேலே அனுப்புவார்கள். தாள் சுத்தமாகப் போக வேண்டும் என்பது சம்பிரதாயம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைக் கற்றுக்கொண்டாயிற்று. அன்றைக்கும் அப்படித்தான். ஏழாயிரத்து நானூறு, அதை அடித்து ஒன்பதாயிரத்து அறுநூறு, ஓரத்தில் மதனகோபால் கையால் ‘பேசியபடி’, கீழே அவருடைய கையெழுத்துச் சுழிப்பு. அழித்தது யார்? அவள்தான். யாரும் அதட்டவில்லை, யாரும் கேட்கக்கூட இல்லை. தாளை எடுத்தாள், ரப்பரை எடுத்தாள், அழித்தாள், ஊதினாள். ஒழுங்காக வேலை செய்கிறோம் என்ற நினைப்பு வேறு. அடிப்பாவி, அந்த மனுஷனுக்கு இருந்த ஒரே சாட்சியை ஊதிவிட்டாயே! இப்போது கோப்பில் என்ன இருக்கிறது? தணிகாசலம் கையெழுத்துக்கு மேலே ஒன்பதாயிரத்து அறுநூறு இருக்கிறது, வேறொன்றும் இல்லை. கேட்டால் மதனகோபாலுக்கு அந்தப் போனே ஞாபகம் இருக்காது. ஞாபகம் இல்லாமல் போவதில் அந்த ஆளுக்கு இருக்கிற திறமை யாருக்கும் வராது.

வெந்த புண்ணில் வேலாகக் கடைசிக் கணக்கும் வந்து சேர்ந்தது. கருவூலக் கணக்கு முடிந்து உண்மை வரவு இன்று காலைதான் வந்தது. ஏழாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கோடி. முதலில் அவளுக்கு உறைக்கவே இல்லை, பத்திகளில் ஏற்றிக்கொண்டே போனாள். காபி குடிக்கும்போதுதான் உறைத்தது. ஏழாயிரத்து நானூறு! மனுஷன் சொன்னது ஏழாயிரத்து நானூறு! ஏழாயிரம் கோடியில் பன்னிரண்டு கோடிதான் வித்தியாசம். இந்தத் துறையில் யார் போட்ட எந்தக் கணக்கு இப்படி வந்து நின்றிருக்கிறது? பத்து சதவீதம் அப்படி இப்படிப் போனாலே கண்டுகொள்ள மாட்டார்கள். ஒரு கோடைக்கும் ஒரு மழைக்கும் ஒரு தேர்தலுக்கும் முன்னால், ஒரு மேஜையில் உட்கார்ந்து, லட்சக்கணக்கான ஜனங்கள் வீடு வாங்குவார்களா மனை விற்பார்களா என்று யோசித்து, ஒருத்தர் ஓர் எண்ணைச் சொல்லி, அது அப்படியே வந்து நிற்கிறது. வேறு வேலையில் இருந்தால் தோளில் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். இங்கே அவருக்குப் பெயர் கணக்குத் தெரியாதவர். அந்த வருஷம் ஆனி மாசமே அவரை நூலகப் பிரிவுக்குத் தள்ளினார்கள், பழைய அரசிதழ்களுக்குக் காவல். இந்த நாற்காலி அவளுக்கு வந்தது. பதவி உயர்வென்று வீட்டில் பால்பாயசம் வைத்தாள். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

காரணம் எழுதுவது ஒன்றும் இங்கே பெரிய விஷயம் இல்லை என்பதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. முப்பது வருஷமாக அந்தக் கடைசிப் பத்தியை யார் யோசித்து எழுதினார்கள்? போன வருஷ அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்து எழுதுவதுதான் வழக்கம். நிலவரி குறைந்தால் ‘வறட்சி’, வாகன வரி குறைந்தால் ‘சந்தை மந்தம்’, எது கூடினாலும் ‘நிர்வாகச் சீர்திருத்தம்’. பெருமழை பெய்து இந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே முழங்கால் தண்ணீர் நின்ற வருஷம், கோப்புகளை மின்விசிறிக்கடியில் காயவைத்துக்கொண்டே, நிலவரிக்கு எதிரே அவள் ‘வறட்சி’ என்று எழுதினாள். எழுதியது அச்சாகி, சபையில் வைத்து, நூலகத்துக்கும் போய்விட்டது. ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்கவில்லை. அப்படிப்பட்ட பத்தி! இந்த வருஷம் மட்டும் அதற்கு ஒரு நிஜமான மனுஷன் தேவைப்படுகிறதா? ஏன், ‘சந்தை மந்தம்’ என்று போட்டுவிட்டுப் போனால் என்ன? முடியாதாம். இருபத்து மூன்று சதவீதம் குறைவென்றால் தணிக்கையில் மடக்கிக் கேட்பார்களாம், யார் எண் இது என்று கேட்பார்களாம். அதற்கு முன்னால் நாமே ஓர் ஆளைக் காட்டிவிட்டால் நல்லதாம். ஓய்வு பெறப் போகிறவர், கத்தத் தெரியாதவர், சங்கத்தில் இல்லாதவர். பலி கொடுக்க ஆடு தேடுகிறவன்கூட ஆட்டுக்கு ஒரு கை தழை கொடுப்பான்.

அவள் வீட்டுக்காரர் மத்தியானம் போனில் சொன்னது காதிலேயே இருந்தது. “உனக்கெதுக்கு இந்த வம்பு? அவங்க எழுதிக் கொடுத்ததை நீ ஏத்துறே, அவ்வளவுதானே? போட்டுட்டு வா.” அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அவளும்தான் பயந்தவள். எட்டு வருஷம் சர்வீஸ் பாக்கி. போடமாட்டேன் என்றால் நாளைக்கே நூலகம், அல்லது அதைவிட மோசமாக ஏதாவது. போனில் சொன்னதைக் கேட்டேன் என்று சொன்னால் சாட்சி எங்கே? மேலதிகாரிமேல் அவதூறு என்று பதினேழு-பி அவளுக்கே திரும்பி வரும்.  நாம் போடாவிட்டால் வேறொருத்தியை இந்த நாற்காலியில் உட்கார வைத்துப் போட வைப்பார்கள், அப்புறம் என்ன லாபம்? சரி, போட்டுவிடலாம். பேனாவை எடுத்தாள். கட்டத்தில் ‘மதிப்பீட்டை’ வரைக்கும் எழுதினாள். அடுத்த சொல் ‘தயாரித்த’. தயாரித்தவர் யார்? தயாரித்ததே அவர் இல்லையே! அவர் தயாரித்ததைத்தான் அழித்தாயிற்றே! இந்த ஓர் இடத்தில் கை நின்றதுதான், நின்றுவிட்டது. எத்தனை தரம் தள்ளிப் பார்த்தும் போகவில்லை. அந்தப் பிரதியைக் கிழித்துக் கூடையில் போட்டாள். புதுப் பிரதி எடுத்து, கட்டத்தில் தன் கையால் எழுதினாள். ‘பிரிவில் கணக்கிட்ட உத்தேசம் ரூ.7,400 கோடி. சார்புச் செயலரின் தொலைபேசி உத்தரவின்பேரில் ரூ.9,600 கோடியாக உயர்த்தப்பட்டது. அப்போது நான் உடன் இருந்தேன்.’ எழுதியதைத் திரும்பப் படிக்காமல் எடுத்துக்கொண்டு நடந்தாள். படித்திருந்தால் நடந்திருக்க மாட்டாள்.

மதனகோபால் படித்தார். கோபப்படுவார் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “உட்காருங்க மேடம்” என்றார். உட்காரவில்லை. “இதை இப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்தப் போறேன் சார். அப்புறம் யாரும் அழிக்க முடியாது” என்றாள். எப்படியோ சொல்லி முடித்துவிட்டாள்.  அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து இன்னொரு அட்டவணையை எடுத்து நீட்டினார். ஏற்கெனவே அச்செடுத்தது, தயாராக இருந்தது. அதில் முதல் பத்தி மாறியிருந்தது. சபையில் சொன்ன மதிப்பீடு இல்லை, அதற்குப் பதில் திருத்திய மதிப்பீடு. வருஷம் முடிய இரண்டு மாசம் இருக்கும்போது, வசூல் வராது என்று தெரிந்து, சத்தமில்லாமல் குறைத்துக்கொண்டது. ஏழாயிரத்து முந்நூறு. அதோடு ஒப்பிட்டால் வந்தது நூற்றுப் பன்னிரண்டு கோடி அதிகம். நூற்றியொன்று புள்ளி ஐந்து சதவீதம். “பத்து சதவீதத்துக்குள்ள இருந்தா காரணம் எழுத வேண்டியதில்ல, உங்களுக்குத் தெரியாததா? காரணம் இல்லைன்னா யார் பிழையும் இல்ல. தணிகாசலம் சார் மாலையைப் போட்டுக்கிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போவார். நீங்க எழுதினது வேணும்னா, அதுக்குப் பதில் நானும் எழுதணும். அது விசாரணை முடியற வரைக்கும் அவர் பணம் என்னாகும்னு நீங்களே சொல்லுங்க” என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

அட நாசமாய்ப் போகிறவனே, இது கையில் இருந்துகொண்டேதானா அந்தச் சீட்டை அனுப்பினாய்? ஒரு பத்தியை மாற்றினால் முடிகிற காரியத்துக்கு ஒரு குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தாயா? பத்தியை மாற்றுவது கொஞ்சம் வம்பு, ஆளைக் காட்டுவது சுலபம், அவ்வளவுதானே உனக்கு? அவள் அட்டவணையைப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. வராத இரண்டாயிரத்துச் சொச்சம் கோடி எங்கேயும் இல்லை, அது வரும் என்று நம்பி அறிவித்ததும் எங்கேயும் இல்லை. அவள் தெருக்கோடியில் மகப்பேறு மருத்துவமனைக்கென்று நட்ட கல் இருக்கிறது, பெயரெல்லாம் பொறித்து. அதில் இப்போது துணி துவைக்கிறார்கள். நிதி இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். நிதி எங்கே போயிற்று என்று கேட்டால் நூற்றியொன்று புள்ளி ஐந்து சதவீதம் என்று இந்தத் தாளைக் காட்டுவார்கள், அதில் ரஞ்சிதம் என்று கையெழுத்து இருக்கும். போடாதே என்றது ஒரு மனசு. குமரவேல் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்றது இன்னொன்று. உண்மையை எழுதினால் அவர் வீட்டுச் சோறு பறிபோகும், பொய்யில் கையெழுத்துப் போட்டால் சோறு கிடைக்கும். இப்படி ஓர் இடத்தில் ஒரு மனுஷியைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கென்றே படித்துவிட்டு வந்திருக்கிறார்கள். போட்டாள். பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்திப் போட்டாள். மதனகோபால் அவள் எதிரிலேயே அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். நாலு இருபத்தைந்துக்கு மேலிடத்து ஒப்புதல் வந்தது. அவள் கையால் எழுதியதை அவர் நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “வாங்க, விழாவுக்கு நேரமாச்சு” என்றார்.

அரங்கில் சமோசா வாசனை. தணிகாசலம் பெரிய ரோஜா மாலையில் பாதி மறைந்து உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மனைவி, அதற்குப் பக்கத்தில் குமரவேல் மாலையிலிருந்து இதழ்களைப் பிய்த்துக்கொண்டிருந்தான். மதனகோபால் பேசினார். முப்பத்து மூன்று வருஷம், அப்பழுக்கில்லாத சேவை, கணக்கென்றால் தணிகாசலம், தணிகாசலமென்றால் கணக்கு! கைதட்டினார்கள்.  வாய் கூசவில்லையே, ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையே! பேசிவிட்டு அவர் முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டு சமோசாவை எடுத்தார். ஓய்வு உத்தரவு தணிகாசலத்தின் கைக்கு வந்துவிட்டதா என்று அவள் பார்த்தாள். வந்திருந்தது, மோதிரப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார். “ரஞ்சிதம் மேடம் ரெண்டு வார்த்தை” என்று யாரோ கூப்பிட்டார்கள். இனி அந்த அட்டவணையை யார் திறப்பார்கள்? திறந்தால் குறைவு வெளியே வரும், குறைவு வந்தால் போனும் வெளியே வரும். ஒப்புதல் ஆகிவிட்டது, தணிகாசலத்தை இனி எவனும் தொட முடியாது. இன்னும் எட்டு வருஷம் அவளை வேண்டுமானால் தொடலாம். தொட்டுக்கொள்ளட்டும். மைக்கைப் பிடித்தாள்.

“சார், முந்தின வருஷம் தை மாசம் பத்திரப் பதிவுக்கு நீங்க ஏழாயிரத்து நானூறு கோடின்னு கணக்குப் போட்டீங்க. நான் எதிர்ல இருந்தேன். உண்மை வரவு இன்னைக்குக் காலைலதான் வந்துச்சு.”

தணிகாசலம் மாலையை விலக்கிக்கொண்டு நிமிர்ந்தார். “எவ்வளவும்மா வந்துச்சு?”

“ஏழாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு சார்.”

அவர் உதடு அசைந்தது, கழித்துப் பார்த்துக்கொண்டார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, “பன்னிரண்டுதான் வித்தியாசம்” என்று மெல்லச் சொன்னார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். 

“நீங்க போட்டது ஏழாயிரத்து நானூறு. உங்களைப் போடச் சொன்னது ஒன்பதாயிரத்து அறுநூறு. போடச் சொன்னவர் முன்வரிசைல உட்கார்ந்திருக்கார். எல்லாரும் அவருக்கும் சேர்த்துக் கைதட்டுங்க” என்றாள் ரஞ்சிதம்.

முதலில் தட்டியது தணிகாசலம்தான்.